ஆர்டிஸுக்கு எழுதி வைத்த துப்பாக்கி

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தில் கரடி கிடையாது. ஏன் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் புல்வெளி, மழையளவு என்று ஏதேதோ சொல்லித் தருவார்கள். எல்லாம் சும்மா. காரணம் ஸ்டென்ஸ்ருட் வீட்டுத் துப்பாக்கி. அதை அந்த வீட்டு நிலைக்கு மேலே மாட்டிய அன்று, சுற்றுவட்டாரக் கரடிகளெல்லாம் கூடிப் பேசி, குட்டிகுஞ்சுகளோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. போகிற வழியில் ஒரு கிழட்டுக் கரடி மட்டும் வீம்பாகத் திரும்பிப் பார்த்தது. துப்பாக்கி சுடக்கூட இல்லை. ஒரு தடவை இருமியது. கரடி தானாகவே தோலைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு தடவை ஹால்வர் ஸ்டென்ஸ்ருட் போதையில் நிலாவைக் குறிவைத்தார். நிலா தேய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இதில் பாதியை ஹால்வர் தன் வாயாலேயே சொன்னார். மீதியைச் சேர்த்தவள் அவருடைய பேத்தி ட்ரூடி. பதினாறு வயது. தலைமையாசிரியர் அறைக்குள் கன்றுக்குட்டியைக் கட்டி வைத்ததற்காக ஒரு முறையும், கன்று அங்கே போட்டுவைத்ததன் மேல் ‘வீட்டுப்பாடம்’ என்று சீட்டு எழுதிச் செருகியதற்காக இன்னொரு முறையும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவள். இந்தக் கதையை ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறவளும் அவள்தான். ஆகவே கரடி விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆர்டிஸ் விஷயத்தில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆர்டிஸ், ஹால்வரின் மூத்த பிள்ளை, ட்ரூடிக்கு அத்தை. கதவில் தலை இடிக்கிற உயரம். ஆண்பிள்ளைகளின் கையுறை அவளுக்குப் பற்றாது. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு வழக்கம். கால் முறிந்த குதிரை, ஈன முடியாமல் கிழிந்துபோன பசு, ஓநாய் குதறிப் போட்டும் சாகாத கன்று என்று, கொன்றே ஆகவேண்டியதைக் கொல்கிற கை எதுவோ அந்தக் கைக்குத்தான் வீட்டுத் துப்பாக்கி சொந்தம். ஊரறிந்த வேட்டைக்காரனாக இருந்தாலும் தன் குதிரையைத் தானே முடித்துவைக்கத் துணியாதவனைத் துப்பாக்கிக்காரன் என்று அங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஹால்வர் வாய்ச்சொல்லால் கரடி விரட்டுவார். கீழே விழுந்து கிடக்கிற குதிரை அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு விலகிப் போய்விடுவார். மகன் லெராய்க்கு, அதாவது ட்ரூடியின் அப்பாவுக்கு, அப்போது பால் பல்கூட விழவில்லை. மிச்சம் இருந்தவள் ஆர்டிஸ்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய சொந்தக் குதிரை டோலி, ஏதோ பிராணி தோண்டிய வளையில் முன்னங்காலை விட்டு முறித்துக்கொண்டது. ஹால்வர் துப்பாக்கியைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். கீழே வளையமாகத் தொங்கும் இரும்பை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் தோட்டா ஏறிக்கொள்ளும் என்று காட்டினார். பிறகு தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒரே சத்தம்தான் கேட்டது. அந்த ஒன்றைப் பற்றி ஆர்டிஸ் யாரிடமும் பேசியதில்லை. ட்ரூடி கேட்டுப் பார்த்திருக்கிறாள். “அது ஒரு நல்ல குதிரை” என்பதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை.

அன்றைக்கு ஆர்டிஸ் வீட்டுக்குள் வந்ததும் அழவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அம்மா பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துத் துப்பாக்கியைத் தேய்த்தாள். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் தேய்த்தாள். போன பிறகும் தேய்த்தாள். அந்த வீட்டில் எதையும் அழுக்கோடு எடுத்து வைக்கிற பழக்கம் கிடையாது; பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தட்டு, வாங்கியதைவிடச் சுத்தமாகத்தான் திரும்பிப் போகும். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய அந்தச் சனங்கள் ஒரு பெண்ணின் குணத்தை அவள் வீட்டு வாணலியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே முடிவு செய்வார்கள். ஹால்வர் உள்ளே வந்து துப்பாக்கியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரி இருக்கு” என்றார்.

அப்பா அவளைப் பாராட்டியது அன்றைக்குத்தான். அதற்கு முன்னும் கிடையாது, யாருக்கும் தெரிந்தவரை பின்னும் கிடையாது. அதற்கப்புறம் பண்ணையில் எந்த உயிரை முடித்துவைத்தாலும், ஆர்டிஸ் நேரே வந்து தரையில் உட்கார்ந்து கம்பி நாரை எடுத்துவிடுவாள். இலையுதிர் காலத்தில் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு உப்புத்தாள் போட்டு ஆளிவிதை எண்ணெய் பூசுவாள். சாவு அதிகமாக இருந்த வருஷங்களில் துப்பாக்கி அதிகமாகப் பளபளத்தது.

அவளுக்கும் ஒரு காலம் வந்தது. மைல்ஸ் சிட்டியில் தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவன், இரண்டு குளிர்காலம் விடாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தான். பனி மூடிய சாலையில் அத்தனை தூரம் வண்டி ஓட்டி வருகிறவன் உருளைக்கிழங்குக்காக வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டாவது வருஷம் அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். ஆர்டிஸ் கொஞ்ச நாள் பொறு என்றாள். அவன் பொறுத்தான். பிறகு பொறுக்க முடியாமல் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு கேக் செய்து கொடுத்தவள் ஆர்டிஸ். நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அம்மா போனாள். லெராய் ராணுவத்திலிருந்து திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டான். பெரிய வீட்டில் இடம் நெருக்கம் என்று யாரும் சொல்வதற்கு முன்னாலேயே ஆர்டிஸ் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் பக்கத்தில் வேலையாட்கள் தங்குகிற இரண்டு அறைக் குடிசைக்குப் போய்விட்டாள். மார்ச் மாதம் முழுக்கப் பசுக்களுக்குப் பேறு பார்ப்பாள், தோள்வரை கை நனைய. மற்ற மாதங்களில் வேலி, வைக்கோல், சமையல்.

ஒரே ஒரு தடவை, பண்டிகைச் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கும்போது, பண்ணையில் ஆற்றங்கரையோரம் கிடந்த எண்பது ஏக்கரைப் பற்றிக் கேட்டாளாம். அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாமா என்று. ஹால்வர் முள்கரண்டியால் நிலைக்கு மேலே இருந்த துப்பாக்கியைக் காட்டினார். அது உனக்கு, இந்தப் பண்ணை மொத்தத்தைவிட அதற்கு விலை அதிகம் என்றார். மேஜையே சிரித்தது. ஆர்டிஸும் தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஹால்வர் இந்த வருஷம் பனி உருகுகிற சமயத்தில் செத்தார். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாவுக்கு வந்தவர்களுக்குப் பன்றித்தொடை இறைச்சியும் காபியும் கொடுத்து அனுப்பிவிட்டு வந்த பிறகு, வக்கீல் சமையலறை மேஜையில் உயிலைப் படித்தார். நிலம், மாடு, இயந்திரங்கள், வீடு எல்லாம் மகன் லெராய்க்கு. மகள் ஆர்டிஸுக்குத் துப்பாக்கி. லெராய் தன் காபிக் கோப்பைக்குள்ளே யாரோ விழுந்துவிட்டதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி எல்லோருக்கும் இன்னொரு துண்டு கேக் வைத்தாள். ஆர்டிஸ் வக்கீலுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவினாள்.

அப்பன் செய்த காரியத்தை லெராய் அநியாயம் என்று சொல்லவில்லை. நியாயம் என்றும் சொல்லவில்லை. அங்கே நிலம் மகனுக்குத்தான் போகும். மகளுக்கு மாப்பிள்ளையின் நிலம் இருக்கும் என்பது கணக்கு. மாப்பிள்ளை இல்லாத மகளை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

கோடை முழுக்கத் துப்பாக்கி ஆர்டிஸின் குடிசைச் சுவரில் தொங்கியது. ட்ரூடி பெரும்பாலும் அங்கேதான் சாப்பிடுவாள். வீட்டில் அம்மா பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவாள், அத்தை பேசமாட்டாள். அத்தை சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்ப்பதை ட்ரூடி கவனித்தாள். என்னதான் தெரியுது அங்கே, கரடி ஏதும் திரும்பி வருதா என்று கேட்டாள். ஆர்டிஸ் அதற்குச் சிரிக்கவில்லை.

“அன்னைக்கு மேஜையில சொன்னாரே, அதை வெளையாட்டுக்குச் சொன்னாரா, நெசமாவே எனக்குன்னு நெனச்சுதான் சொன்னாரா. அது மட்டும் தெரிஞ்சாப் போதும்டி எனக்கு. பணம் என்னத்துக்கு.”

விலை உள்ள பொருளென்றால் அப்பா தனக்கொரு பங்கு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். விலை இல்லாத பொருளென்றால் நாற்பது வருஷச் சம்பளமாக ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆர்டிஸுக்கு வேண்டியது அந்தப் பதில் ஒன்றுதான். ஆனால் அவளே போய்க் கேட்க முடியாது. செத்த மனுஷன் கொடுத்துவிட்டுப் போனதை மண் காய்வதற்குள் விலை விசாரிக்கிறாள் என்று காபிக்கடையில் ஒரு பேச்சு வந்துவிட்டால் அப்புறம் சர்ச்சில் தலை நிமிர முடியாது. அதனால் ட்ரூடியை அனுப்புவது என்று முடிவாயிற்று. டவுனில் பழைய துப்பாக்கி வாங்கி விற்கிற மெர்லிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று சொல்ல வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் என்று ட்ரூடி கேட்டாள். பாத்திரம் துடைக்கிற துணி முதுகில் விழுந்தது.

கொண்டுபோகிற அன்று காலை ஆர்டிஸ் அதை ஒரு தடவை நன்றாகத் தேய்த்துக் கொடுத்தாள். அந்நியர் கைக்குப் போகிற பொருள்.

மெர்ல் கடை, இரும்புச் சாமான் கடைக்குப் பின்பக்கம். சுவரெல்லாம் மான் தலைகள். ஐம்பதை நெருங்குகிற ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். கம்பளிக்குள்ளிருந்து துப்பாக்கியைப் பிறந்த குழந்தையைப் போல எடுத்தார். நெம்புகோலை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தார். உள்ளே எல்லாம் பூட்டுச் சாவி மாதிரிப் பதமாக விழுந்தது. அடியில் பொறித்திருந்த எண்ணைச் சிரமப்பட்டுப் படித்துவிட்டு, வின்செஸ்டர் கம்பெனி, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறாம் ஆண்டு மாதிரி, இதைச் செய்தது எண்பத்தொன்பதில், அதாவது நூறு வயசுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்றார். அதுவும் சாதாரணமாகக் கடையில் வாங்கியதில்லை. எட்டுப் பட்டைக் குழல், ரேகை ஓடுகிற உயர்ந்த அக்ரூட் மரக்கட்டை என்று யாரோ பணக்காரன் கேட்டுச் செய்துகொண்டது. ஹால்வரின் அப்பா அதைத் திவாலான ஒரு இங்கிலாந்துக்காரனிடம் இரண்டு எருதுக்கு மாற்றாக வாங்கினார் என்று ட்ரூடி கேள்விப்பட்டிருந்தாள். அது மட்டும் புளுகு இல்லை போலிருக்கிறது.

பிறகு மெர்ல் துப்பாக்கியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார்.

“யாரு இதைத் தேய்ச்சது?” என்றார்.

ட்ரூடி கம்பளியை மடிக்கத் தொடங்கினாள். வீட்டில்தான் என்று முணுமுணுத்தாள்.

மெர்ல் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எட்டுப் பட்டையின் விளிம்பெல்லாம் மழுங்கி, பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. பொறித்த எழுத்துகள் கண்ணாடியில் ஊதிய மூச்சுப்போல மங்கலாகக் கிடந்தன. உப்புத்தாள் தின்று தின்று, கட்டை இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த இரும்பு பிறக்கும்போது எண்ணெய் மிதக்கிற தண்ணீர் மாதிரி நீலமும் ஊதாவுமாக ஒரு தோலோடு பிறந்தது. வாங்குகிறவன் காசு கொடுப்பது அந்தத் தோலுக்குத்தான் என்றார். தோல் பழசாகிக் கறுத்துப்போனால்கூடப் பரவாயில்லை. கோழிக் கூண்டில் எறிந்து வைத்திருந்தால்கூட இன்றைக்கு ஆற்றோரம் எண்பது ஏக்கர் வாங்கலாம். இப்போது, மான் சுடுகிறவன் எவனாவது முன்னூறு டாலர் கொடுப்பான். லெராய் மகள் என்பதற்காக இன்னொரு ஐம்பது.

ட்ரூடி கம்பளியை விரித்தாள். அப்போதுதான் மெர்ல் அதைச் சொன்னார், ஏதோ ஞாபகம் வந்தவர்போல. இந்தத் துப்பாக்கியை அவர் முன்பே பார்த்திருக்கிறார். கடை அவருடைய அப்பா கையில் இருந்த காலம். ஹால்வர் ஒருநாள் கொண்டுவந்து விலை கேட்டாராம்.

“அப்பவே அந்தத் தோல் கொஞ்சம் போயிருந்துச்சு. பாதிக்கு மேல மிச்சம் இருந்துச்சும்மா. எங்கப்பா பெரிய வெலை சொன்னாரு. உங்க தாத்தா, விக்கறதுக்கில்ல, இது என் பொண்ணோடது, என்ன பெறும்னு தெரிஞ்சுக்க வந்தேன்னாரு. இனிமே இதுமேல ஒரு துணிகூடப் படக்கூடாதுன்னு எங்கப்பா படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்புனாரு. தலையாட்டிட்டுத்தான் போனாரு மனுஷன்.”

எந்த வருஷம் என்று ட்ரூடி கேட்டாள். மெர்லுக்கு வருஷம் நினைவில்லை. உங்கள் பாட்டி விழுந்துவிட்டாள், ஆர்டிஸ்தான் கூட இருந்து பார்க்கிறாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது என்றார்.

திரும்பி வருகிற வழியில் ட்ரூடி பிக்கப் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். அறுத்த வயல்களில் காற்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் தாத்தா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டு போகவிடாமல் பாட்டியின் நோய் வீட்டில் நிறுத்திய அதே வருஷம் அவளுடைய பங்கு என்ன பெறும் என்று தனியாகப் போய் விசாரித்து வந்திருக்கிறார். வந்த பிறகு, ஒவ்வொரு மாடு செத்தபோதும், ஒவ்வொரு குதிரை செத்தபோதும், மகள் தரையில் உட்கார்ந்து அந்தப் பங்கைச் சுரண்டி எறிவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தேய்க்காதே என்று ஒரு சொல். அதைச் சொல்லத் தொடங்கினால் ஏன் தேய்க்கிறாய் என்பது வரும். அது வந்தால் டோலி வரும். தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றது வரும். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து மனுஷன் எண்பது ஏக்கரை விட்டுக்கொடுத்துவிட்டார். ஸ்டென்ஸ்ருட் வீட்டு ஆண்கள் அப்படித்தான். அவளுடைய அப்பா லெராய் இன்னும் அந்தக் காபிக் கோப்பைக்குள்ளேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாதி உண்மையைச் சொன்னால் அத்தைக்கு ஆறுதல். மறுபாதி கூடவே வந்தால், தன் பங்கைத் தானே அழித்தாள் என்று ஆகிவிடும். ட்ரூடி வண்டியைக் கிளப்பினாள். பொய் சொல்வது அவளுக்குப் புதிதில்லை. ஒரு தடவை வகுப்பு மொத்தத்தையும் ஆசிரியைக்கு மரக்கால் என்று நம்பவைத்திருக்கிறாள். வீடு வந்து சேர்வதற்குள் பொய் வடித்து இறக்கிய சோறு மாதிரித் தயாராக இருந்தது.

ஆர்டிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தி மட்டும் மெதுவாயிற்று. ட்ரூடி துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நல்ல பாதியை மட்டும் ஒன்று விடாமல் சொன்னாள். வயது நூறு, பணக்காரன் செய்துகொண்டது, அக்ரூட் மரக்கட்டை. தாத்தா அந்தக் காலத்திலேயே கொண்டுபோய் விலை கேட்டது. விற்பதற்கில்லை, என் பெண்ணுடையது என்றது.

கத்தி நின்றது.

“அப்படியா சொன்னாரு?”

“சத்தியமா, அத்தை.”

ஆர்டிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முகம் இளகியது. ஒரு சின்னப் பெண்ணின் முகம் ஒரு கணம் வந்துவிட்டுப் போனதுபோல இருந்தது. ட்ரூடி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த மயக்கத்தில் அவள் மேலே போனாள். மெர்ல் பன்னிரண்டாயிரம் தருகிறேன் என்று கெஞ்சினார், இவ்வளவு நன்றாக வைத்திருக்கிற துப்பாக்கியைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார், இந்தப் பளபளப்புக்கே தனி விலை என்றார், யார் இப்படிப் பார்த்துக்கொண்டது என்று கேட்டுக் கேட்டு ஆச்சரியப்பட்டார் என்றெல்லாம் அடுக்கினாள்.

ஆர்டிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். வாங்கப் போகிற பொருளை வாயாரப் புகழ்கிற வியாபாரியை இந்த வயசுக்கு இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்றாள், கோபமே இல்லாமல். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ட்ரூடிக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

“நீ பொய் சொல்றப்போ எப்பவும் ஆளோட கண்ணைத்தான் பாப்பே. கன்னுக்குட்டி விஷயத்துல அந்த வாத்தியாரையே அப்படித்தானே பாத்து நின்னே. இன்னைக்கு அதுகூட முடியாம, வந்ததுலேர்ந்து என் கையையே பாத்துக்கிட்டு இருக்கே.”

ட்ரூடி பார்வையைத் துப்பாக்கிப் பக்கம் திருப்பினாள்.

ஆர்டிஸ் அந்தப் பெரிய கைகள் இரண்டையும் மேஜைமேல், துப்பாக்கிக்குப் பக்கத்தில், விரித்து வைத்தாள்.

“என்ன பண்ணிச்சு என் கை? சொல்லு.”